அத்தியாயம் 7: பரிசலில் இருந்து உயிர்மீன் தூண்டில்

மண்புழு, மைதா உருண்டை, புண்ணாக்கு என்று கரையிலிருந்து தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கான அடுத்த படி இது. பொடிமீனை உயிரோடு முள்ளில் கோர்த்து, பரிசலில் இருந்து விராலுக்கும் வாளைக்கும் போடும் முறையை வரிசையாகப் பார்ப்போம். விராலும் வாளையும் பிற மீன்களைத் தின்று வளர்பவை. நீந்தித் துடிக்கும் இரை எதிரே வந்தால் பெரும்பாலும் விடுவதில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிடம் கழித்தும் இரைமீன் தானாக நீந்திக்கொண்டிருக்க வேண்டும். முள்ளின் அளவு, ஈயத்தின் எடை, கோர்க்கும் இடம் எல்லாமே இதை ஒட்டித்தான் முடிவாகின்றன.

1. எந்தத் தண்ணீர், யாருடைய அனுமதி

கொங்கு நாட்டில் பரிசலும் மீன்பிடிப்பும் சேர்ந்தே இருக்கும் பெரிய நீர்ப்பரப்புகள் பவானிசாகரும் மேட்டூரும். பவானிசாகர் அணை 1948-இல் தொடங்கி 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது; மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அமராவதி, ஆழியாறு அணைகளிலும் மீன் உண்டு. ஆனால் எந்த அணையிலும் குளத்திலும் மீன் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பதில்லை. மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ, குத்தகைதாரரிடமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும்.

1. உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் மீன் இறங்கும் துறையில் கேளுங்கள்.
2. தூண்டில் போட அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, எந்தப் பகுதி வரை போகலாம் என்று தெளிவாகப் பேசி, ரசீது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.
3. பவானிசாகரின் எதிர்க்கரை காடு. சத்தியமங்கலம் வனப்பகுதி 2013 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தக் கரையில் பரிசலை ஒதுக்கக் கூடாது.

*தவிர்க்க வேண்டிய இடங்கள்:* சாக்கடை கலக்கும் நகரக் குளங்களிலும், சாயக்கழிவு தேங்கிய வரலாறு உள்ள ஒரத்துப்பாளையம் போன்ற இடங்களிலும் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். உக்கடம், சிங்காநல்லூர் பக்கத்துக் குளங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கின்றன என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

- கம்பு: 6 முதல் 7 அடி நீளமுள்ள ராடும் ரீலும். பரிசலில் நீளமான மூங்கில் கம்பு எதிரே இருப்பவர் முகத்தில் இடிக்கும்.
- தங்கூசி: திறந்த தண்ணீரில் விராலுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. பாசியும் செடியும் அடர்ந்த இடத்துக்கும் வாளைக்கும் 0.50 மி.மீ.
- முள்: 2 அங்குல இரைக்கு 2-ஆம் எண் அல்லது 1-ஆம் எண். 3 முதல் 4 அங்குல இரைக்கு 1/0 அல்லது 2/0. முள்ளின் கம்பி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி இரையின் சதையைக் கிழித்துவிடும்.
- ஈயம்: 3 முதல் 5 கிராம், நடுவில் துளையுள்ளது. வாளைக்கு 20 கிராம்.
- தக்கை: கடையில் கிடைக்கும் நீளத் தக்கை நல்லது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி, நடுவில் சுடுகம்பியால் துளையிட்டும் செய்யலாம்.
- மற்றவை: சுழல் வளையம், பாசிமணி, தையல் நூல், மூக்கு நீண்ட குறடு, கத்தரிக்கோல், கைவலை, ஈரத்துணி.
- முள் டப்பா: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. பரிசலின் அடிப்பாகம் மூங்கில் பின்னலின் மேல் போர்த்திய தார் பூசிய படுதா. கீழே விழுந்த ஒரு முள்ளை மிதித்தால் காலும் ஓட்டையாகும், படுதாவும் ஓட்டையாகும்.

3. இரைமீனைப் பிடித்து உயிரோடு வைப்பது

எந்தத் தண்ணீரில் தூண்டில் போடப் போகிறீர்களோ அதே தண்ணீரில் இரையையும் பிடியுங்கள். வெளியூர்க் குளத்து மீனைக் கொண்டுவந்தால் நோயும் வேண்டாத இனங்களும் கூடவே வரும். கெண்டைப்பொடி முதல் தேர்வு: பளபளப்பாக இருக்கும், ஓயாமல் நீந்தும். அயிரை முள்ளில் நெடுநேரம் தாங்கும், ஆனால் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஜிலேபிக் குஞ்சு, அந்த அணையில் ஏற்கெனவே ஜிலேபி மலிந்திருந்தால் மட்டும்.

1. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, நான்கு இடத்தில் நூலால் கட்டுங்கள். பாட்டிலின் உடம்பில் சிறு துளைகள் போடுங்கள்.
2. ஒரு கைப்பிடித் தவிட்டையும் சிறிது கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உள்ளே போடுங்கள்.
3. முழங்கால் ஆழத்தில், செடி ஓரமாக, வாய் கரையைப் பார்க்கும்படி கிடத்தி, கயிற்றைக் கல்லில் கட்டுங்கள். அரை மணியில் எடுத்துப் பாருங்கள்.
4. இரண்டு முதல் மூன்று அங்குலம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கேயே விடுங்கள்.
5. 10 லிட்டர் வாளியில் இருபது மீனுக்கு மேல் வேண்டாம். பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி மோட்டார் இருந்தால் முப்பது வரை தாங்கும்.
6. வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி நிழலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கினால் உடனே மாற்ற வேண்டும்.

*குறிப்பு:* குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பொடிமீனைக் கொன்றுவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வாளி சூடேறுவதுதான் மற்றொரு ஆபத்து. தண்ணீர் போத்தலை உறையவைத்து, மூடியோடு வாளிக்குள் மிதக்கவிடுங்கள். பனிக்கட்டியை நேராகப் போட்டால் திடீர்க் குளிரில் மீன் சுருண்டுவிடும்.

4. தூண்டில் கட்டும் வரிசை

கட்டுவதை எல்லாம் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஆடும் பரிசலில் முடிச்சுப் போடுவது முள்குத்துக்கு நேர்வழி.

அ. ஓடும் தக்கை (விராலுக்கு)

1. தங்கூசியின் மேல் தையல் நூலால் ஒரு முடிச்சைச் சுற்றிக் கட்டுங்கள். இழுத்தால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். ஆழத்தைத் தீர்மானிப்பது இந்த முடிச்சுதான்.
2. அதற்குக் கீழே பாசிமணி. நூல் முடிச்சு தக்கைக்குள் நுழையாமல் இது தடுக்கும்.
3. பிறகு தக்கை, அடுத்து ஈயம், அதற்குக் கீழே இன்னொரு பாசிமணி.
4. நுனியில் சுழல் வளையத்தைக் கட்டுங்கள். பொடிமீன் சுற்றிச் சுற்றி நீந்தும்போது தங்கூசி முறுக்கேறாமல் காப்பது இதுவே.
5. வளையத்தின் மறுபக்கத்தில் ஒன்றரை அடித் தங்கூசி, அதன் முனையில் முள்.

ஆ. ஓடும் ஈயம் (வாளைக்கு)

தக்கை இல்லை. 20 கிராம் ஈயம் தங்கூசியில் தாராளமாக ஓட வேண்டும். கீழே பாசிமணி, சுழல் வளையம், 2 அடித் தங்கூசி. முள்ளுக்கு மேலே கடைசி அரை அடி மெல்லிய எஃகுக் கம்பியாக இருக்கட்டும். வாளையின் வாய் முழுக்கப் பொடிப் பல். வெறும் தங்கூசியை அறுத்துக்கொண்டு போய்விடும்.

முடிச்சு: முள்ளின் காதில் தங்கூசியை நுழைத்து, அதன் மீதே ஆறு சுற்றுச் சுற்றுங்கள். நுனியைக் காதை ஒட்டிய முதல் வளைவுக்குள் விட்டு, உருவாகும் பெரிய வளைவுக்குள்ளும் விடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும்.

சோதனை: கரையோரத் தண்ணீரில் தக்கையை விட்டுப் பாருங்கள். ஈயத்தோடு செங்குத்தாக நின்று, ஒரு விரல் அகலம் மேலே தெரிய வேண்டும். படுத்துக் கிடந்தால் ஈயம் போதவில்லை. பாதிக்கு மேல் வெளியே நின்றால் தக்கை பெரிது. விரால் இழுக்கும்போது எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும்.

5. இரையை முள்ளில் கோர்ப்பது

கையை முதலில் நனையுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு போய் அது சீக்கிரம் சாகும். இரையை அழுத்தாமல் பிடித்து, ஒரே குத்தில் முடியுங்கள். மூன்று முறைகள் உண்டு:

1. முதுகில்: முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தோலுக்கும் நடு எலும்புக்கும் இடையே உள்ள சதையில் முள்ளை ஏற்றுங்கள். மீன் கிடைமட்டமாக நின்று நீந்தும். பரிசல் நிலையாக நிற்கும்போது, தக்கையோடு போட இதுவே சிறந்தது. எலும்பைத் தொட்டால் இரை அந்த நொடியே செயலிழக்கும்.
2. உதட்டில்: கீழ் உதட்டில் நுழைத்து மேல் உதட்டின் வழியே வெளியே எடுங்கள். பரிசல் மெதுவாக நகரும்போது இரை தலை முன்னே வைத்து இயல்பாக வரும். ஒரே இடத்தில் நிற்கும்போது இது ஏற்றதல்ல: வாய் சரியாகத் திறந்து மூட முடியாமல் இரை மூச்சுத் திணறும்.
3. வாலடியில்: வால் துடுப்புக்கு முன்னே உள்ள சதையில். இரை முன்னோக்கி ஓடப் பார்க்கும். பட்டமரத்தின் அடியிலோ செடிக்கூட்டத்தின் உள்ளேயோ இரையைச் செலுத்த இது உதவும். வீசினால் கழன்றுவிடும், கையால் இறக்க வேண்டும்.

எந்த முறையானாலும் முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். வயிற்றில் குத்தினால் இரை சில நிமிடங்களில் சாகும்.

6. பரிசலில் ஏறுவதும் நிறுத்துவதும்

வட்டமான பரிசலுக்கு முன்பின் கிடையாது. காற்றுக்கும் துடுப்புக்கும் சுழலும். தூண்டில் போடுபவர்களுக்கு அதன் பெரிய சிக்கலே இந்தச் சுழற்சிதான். ஓரிடத்தில் சுழன்றால் இரண்டு தங்கூசிகளும் கயிறு திரித்தாற்போலப் பின்னிக்கொள்ளும்.

அனுபவமுள்ள பரிசல்காரரோடு மட்டுமே இறங்குங்கள். ஏறுவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகள்: "ஏனுங்க, காத்து எந்தப் பக்கமிருந்துங்க அடிக்குது?" "தண்ணி ஏறுதுங்களா, வத்துதுங்களா?" "முள்ளு மாட்டற எடம் எங்கெங்கீங்க இருக்குது?" மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதில், மீன் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டையே தண்ணீருக்குள் இருக்கிறது. நீர்மட்டம் நன்றாகக் குறையும் ஆண்டுகளில் பழைய கோயில் வெளியே தெரியும். இப்படி மூழ்கிய கல்லும் மரமும் பொடிமீனுக்கு ஒதுங்குமிடம். பொடிமீன் இருக்கும் இடத்துக்குப் பெரிய மீன் வரும்.

1. மிதவைச் சட்டையைக் கரையிலேயே போட்டு, பட்டைகளை இறுக்குங்கள்.
2. விளிம்பை மிதிக்காமல், நடுவில் ஒரு காலை வைத்து, குனிந்தபடி உட்காருங்கள். பரிசல்காரர் தவிர இருவர் போதும், எதிரெதிரே அமருங்கள்.
3. வாளி நடுவில் இருக்கட்டும். முள்ளைக் கம்பின் வளையத்தில் மாட்டி, தங்கூசியை இறுக்கி வையுங்கள்.
4. இடம் சேர்ந்ததும் கயிறு கட்டிய இரண்டு கற்களை எதிரெதிர்ப் பக்கங்களில், தட்டாமல் மெதுவாக இறக்குங்கள். ஒரே கல்லில் நின்றால் பரிசல் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.
5. பட்டமரத்தில் கட்டுவதானால் முதலில் பாம்பு, குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே போடுங்கள்.
6. ஆளுக்கு ஒரு தூண்டில். அதற்கு மேல் வேண்டாம்.

7. ஆழம் பார்த்துப் போடுவது

1. இரை இல்லாத முள்ளில் கூடுதல் ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தரையைத் தொட்டதும் தங்கூசி தளரும். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. செடியோரத்தில் விராலுக்கு, இரை நீர்மட்டத்திலிருந்து ஒன்று முதல் 2 அடிக்குள் நிற்கும்படி நூல் முடிச்சை நகர்த்துங்கள். விரால் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். செடி நிழலில் மேல்மட்டத்திலேயே காத்திருக்கும்.
3. மூழ்கிய மரம், கல் மேல் போடும்போது இரை அதன் உச்சிக்கு ஒன்றரை அடி மேலே நிற்கட்டும். அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்ற மீனுக்குப் படகிலிருந்து பொடிமீனைத் தொங்கவிடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஒளிந்திருக்கும் மீன் மேல்நோக்கி வந்து கவ்வும், தனக்குக் கீழே போகும் இரையைக் கவனிக்கத் தவறும்.
4. வாளைக்கு ஓடும் ஈயத்தை ஆற்றின் பழைய வாய்க்கால் ஓடும் ஆழத்தில் தரைவரை இறக்குங்கள்.
5. வீசாதீர்கள். கம்பை நீட்டி இரையை மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள்.
6. கால் மணிக்கு ஒருமுறை இரையைப் பாருங்கள். சாய்ந்து நீந்தினால் மாற்றுங்கள். இருபது நிமிடத்தில் அசைவே இல்லையென்றால் இரையை மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள்.

நேரம்: விடிந்து இரண்டு மணி நேரமும், மாலை வெயில் சாய்ந்த பிறகும். புதுவெள்ளம் வந்து கலங்கிய வாரத்தைத் தவிர்த்து, தண்ணீர் தெளிந்து குறையத் தொடங்கும் தை முதல் வைகாசி வரை போவது பலன் தரும்.

8. கடி வந்ததும்

இரை பதறித் தக்கை விடாமல் நடுங்கினால் அருகே மீன் வந்திருக்கிறது. கையை அசைக்காதீர்கள். விரால் பெரும்பாலும் இரையைக் குறுக்கே கவ்விக்கொண்டு ஓடும். நின்று, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும்.

1. தக்கை மூழ்கி ஓடட்டும். தங்கூசியைத் தளர்த்திக் கொடுங்கள்.
2. ஓட்டம் நின்றதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் முள் குடலுக்குள் போய்விடும்.
3. தளர்ந்த தங்கூசியைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்ததும் கம்பைப் பக்கவாட்டில் இழுங்கள். உட்கார்ந்தபடியே இழுங்கள்.
4. வளைந்த நுனியுள்ள வட்ட முள்ளானால் வெட்டி இழுக்கவே வேண்டாம். சுற்றி இறுக்கினாலே கடைவாயில் மாட்டும்.
5. எதிரே இருப்பவர் தன் தூண்டிலை எடுத்துவிட்டு நடுவில் அமரட்டும். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் பரிசல் கவிழும்.
6. கைவலையைத் தண்ணீருக்குள் வைத்து, தலை முன்னே வரும்படி மீனை அதற்குள் இழுங்கள். ஈரத்துணியால் மூடிப் பிடித்து, குறடால் முள்ளை எடுங்கள். வாளையின் வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

9. அடிக்கடி நேரும் தவறுகள்

- கனமான ஈயம்: சீக்கிரம் இறங்கும் என்று நினைத்துப் போடுவார்கள். இரை இழுக்க முடியாமல் களைத்துச் சாகும்.
- பெரிய மீனுக்குப் பெரிய முள்: முள்ளின் அளவு இரைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2/0 முள்ளில் 2 அங்குலக் கெண்டைப்பொடி பிழைக்காது.
- முதல் அசைவிலேயே இழுப்பது: இரையின் தலை மட்டும் மிஞ்சி வரும்.
- பரிசலுக்குள் தட்டுவது, துடுப்பைப் போடுவது: ஆழமில்லாத தண்ணீரில் சத்தம் தெளிவாகப் போய்ச் சேரும்.
- செத்த இரையைத் தக்கையில் தொங்கவிட்டுக் காத்திருப்பது: அதை அடியில் கெளுத்திக்குப் போடலாம், விராலுக்கு நேரம் வீண்.

10. பாதுகாப்பு

- காற்று: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் பரிசல் நீங்கள் நினைத்த பக்கம் போகாது. ஆனி, ஆடியில் கரைத் தூண்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
- இடி: கோடைமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். முதல் இடி கேட்டதும் கம்பைப் படுக்கவைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கார்பன் இழைக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும்.
- திடீர்த் தண்ணீர்: மேட்டுப்பாளையம் பகுதியில் பவானி ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மேலே பில்லூரில் தண்ணீர் திறந்தால், மழையே இல்லாத நாளிலும் ஆறு சட்டென்று ஏறும். அணைகளின் மதகு அருகிலும் பரிசல் போகக் கூடாது.
- முதலை, யானை: அமராவதியிலும் மாயாற்றுப் பக்கத்திலும் முதலை உண்டு. கையையும் காலையும் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள். மீனைக் கரையில் கழுவிச் சுத்தம் செய்யாதீர்கள். பவானிசாகரில் மாலையில் யானைகள் தண்ணீருக்கு வரும். இருட்டுவதற்குள் துறைக்குத் திரும்பிவிடுங்கள்.
- முள் குத்தினால்: எதிர்முள் உள்ளே போயிருந்தால் பிடுங்காதீர்கள். தங்கூசியை வெட்டி, முள் அசையாமல் துணி சுற்றி மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். முகத்திலோ கண்ணருகிலோ என்றால் தொடவே வேண்டாம். வெயில் கண்ணாடி கண்ணைக் காக்கும்.
- தேளி, கெளுத்தி கொட்டினால்: தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் வலி அடங்கும். வீக்கம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது நல்லது.
- மது: பரிசலில் கூடவே கூடாது.

11. எதை விட வேண்டும், எதை விடக் கூடாது

1. செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் நுரைபோல் கொப்பளித்தால், அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கின்றன. அங்கே தூண்டில் போடாதீர்கள். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்று தீர்க்கும்.
2. காவிரி, மாயாறு பக்கம் மசீர் மாட்டினால் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். திமில் மசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனம்.
3. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடாதீர்கள். வளர்க்கவே இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன் அது. நம் மீன்களைத் தின்று பெருகும்.
4. மிஞ்சிய இரையைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். வேறு குளத்திலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள்.
5. அறுந்த தங்கூசியை ஒரு துண்டு விடாமல் பையில் போடுங்கள். நாரையும் நீர்க்காகமும் காலில் சிக்கிச் சாவது இதனால்தான்.
6. பரிசலை விட்டு இறங்குமுன் முள் டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். கொண்டுபோன கணக்கும் இருப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் படுதாவைத் தடவாமல், டார்ச் வெளிச்சத்தில் பார்த்துத் தேடி எடுங்கள். அடுத்த நாள் காலையில் அந்தப் பரிசலில் வெறுங்காலோடு ஏறப்போகிறவர் பரிசல்காரர்.